பேச்சு முடியாமல் கை நனைப்பதில்லை

1

நான் கனேடியனாகி இன்றோடு ஒரு வருடம். காலையில் மனைவி சறோ சர்க்கரைப் புக்கை பொங்கினாள். மகள் துளசி தொலைபேசியில் யாரோ சிநேகிதிக்கு, தன் அப்பா ஒருமுறை அமெரிக்காவிடமிருந்து கனடாவின் கோழிகளைக் காப்பாற்றினவர் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதை ரொறன்ரோவின் ஸ்காபுரோப் பகுதியில் கால் முளைத்து நடக்கிறது. போன மாதம் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, "நீங்கள்தானே அண்ணை அமெரிக்கன் ஒஃபிசர்மாரை அறைக்குள்ள பூட்டிவைச்சுப் பட்டினி போட்டது?" என்று கேட்டார். நான் யாரையும் பூட்டவில்லை. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டே கிடையாது. ஆனால் மறுத்துச் சொல்லச் சொல்ல அவர் இன்னும் மரியாதையாகப் பார்த்தார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கும் இது எப்படியும் வந்து சேரும். கடிதம் போகாத இடத்துக்கும் கதை போய்விடும். அது அங்கே வந்து சேரும்போது நான் கப்பல் கவிழ்த்தவனாகியிருப்பேன். அதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் நான் பரிசாரகன். பரிசாரகன் என்றதும் கோயில் மடைப்பள்ளியை நினைக்கவேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு நிறத்தில் கழுத்தடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி ரை. கலியாணம், கம்பனிக் கூட்டம், அரசாங்கக் கூட்டம் என்று எது நடந்தாலும் கோப்பி வைப்பதும் கோப்பை எடுப்பதும் என் தொழில். வெக்ஸ்போர்ட்டில் வீடு. அங்கிருந்து பஸ், பிறகு சுரங்க ரயில். பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுதமுடியாது.

ஹோட்டலில் எல்லோரும் என்னை நாகலிங்கம் என்று கூப்பிடுவார்கள். அது என் அப்பாவின் பெயர். அகதி விண்ணப்பம் நிரப்பிய அன்று கடைசிப் பெயர் எது என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? கடைசியில் எழுதியிருந்தது அப்பாவின் பெயர், அதைச் சொன்னேன். அன்றிலிருந்து பாராட்டும் அப்பாவுக்கு, ஏச்சும் அப்பாவுக்கு. தன் மாமனாருக்கு அறுபது வயதுக்குப் பிறகு ரொறன்ரோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சறோ சொல்லுவாள்.

என் மேலாளர் மனுவல். போர்த்துக்கல் பக்கத்துத் தீவொன்றிலிருந்து வந்தவர். குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. வந்த நாளிலிருந்து நான் கூப்பிட்டால் போகிற வேலைக்காரன். தொலைபேசி அடித்தால் வேலை உண்டு, அடிக்காவிட்டால் இல்லை. அந்த வருடம் ஓர் இடம் நிரந்தரமாக வருகிறது, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன், ஒரு தவறும் செய்துவிடாதே என்று மனுவல் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அந்த இடம் கிடைத்தால் சறோ தொழிற்சாலை வேலையை விட்டுத் தையல் படிக்கலாம். அவள் அதற்கு வகுப்புகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

மனுவலுக்கு என்னில் ஒரே ஒரு மனக்குறை. வேலைக்காரருக்கு ஹோட்டலில் சாப்பாடு இலவசம். நான் அதைத் தொட்டதில்லை. சறோ கட்டித்தரும் புட்டுப் பார்சலை உடுப்பு மாற்றும் அறையில் இருந்து சாப்பிட்டுவிடுவேன். ஏன் என்று மனுவல் கேட்பார். பழக்கம் என்பேன். எனக்கும் அப்போது அதற்கு மேல் காரணம் தெரியாது.

3

ஒருநாள் மனுவல் என்னைக் கூப்பிட்டு, அடுத்த கிழமை இரண்டு நாள் கூட்டம், கனடா அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் வருகிறார்கள், நீதான் பொறுப்பு என்றார். பத்திரிகையில் வருகிற அளவு பெரிய கூட்டம் இல்லை. வியாபாரப் பேச்சு என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது துளசிதான் துள்ளினாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதே விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரை. அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இங்கே பால், முட்டை, கோழி மூன்றுக்கும் ஒரு கட்டு உண்டு. நாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவுதான் பண்ணைக்காரர் உற்பத்தி செய்யலாம். அளவுக்கு மேல் வெளியிலிருந்து வந்தால் கனத்த வரி. எல்லைக்கு அப்பால் பால் ஆறாக ஓடுகிறது, ஆகவே அமெரிக்கா கதவைத் திற என்கிறது. கனடாவோ மரமும் காரும் அவர்களுக்குத்தான் விற்கிறது, ஆகவே ஒரேயடியாக முகத்தை முறிக்கவும் முடியாது.

"அவையள் பத்து மடங்கு பெரிசு அப்பா. வீ கான்ற் ஃபைற் எவ்றிதிங். எதைக் குடுக்கமாட்டம் எண்டு நாங்கள் முதலே சொல்லிப்போட்டு இருக்கவேணும்" என்றாள்.

நாங்கள் என்றாள். ஆறு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தால் இறங்கிய பிள்ளை. சிநேகிதிகள் வந்தால் சோற்றைக் கையால் குழைக்கவேண்டாம் என்று என்னிடம் கண்ணால் கெஞ்சுகிறவள். அவள் எந்த நாங்களுக்குள் போய்விட்டாள் என்று எனக்கு ஒரு பக்கம் திக்கென்றது. மறுபக்கம், சொன்னது அப்படியே என் மாமனார் சொன்னதாக இருந்தது.

எழுபதுகளில் நம் நாட்டு அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் நிறுத்திவைத்திருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சீனிக்கும் துணிக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அது பொற்காலம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத் தோட்டக்காரருக்கு அடித்தது யோகம். நான் அப்போது சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். லொறி லொறியாகக் கொழும்புக்கு ஏற்றுவோம். சறோவின் தகப்பன் மிளகாய்த் தோட்டக்காரர். என் கலியாணமே மிளகாயால் நடந்தது என்றால் பிழையில்லை.

சம்பந்தம் பேச எங்கள் பக்கத்தில் பெரியப்பா போனார். கூட நானும் ஒரு மூலையில் இருந்தேன், வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு. எங்கள் குடும்பத்தில் இரண்டு வழக்கம் உண்டு. பேசி முடியும்வரை போனவர்கள் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் என்று பொருள். மற்றது, கதை, அதாவது பேச்சு, முறிகிற நேரத்தில் வீட்டுக்காரர் சாப்பாட்டை வெளியே கொண்டுவரமாட்டார்கள். சாப்பாட்டைக் கண்டபிறகு வந்தவர்கள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனால் அது சோற்றை அவமதித்ததாகும். பிறகு அந்தச் சம்பந்தம் ஏழு பிறப்புக்கும் ஒட்டாது.

பெரியப்பா கிணற்றடித் தோட்டத்தைச் சீதனமாகக் கேட்டார். எங்கள் மாப்பிள்ளைப் பகுதிதான் பெரிய பகுதி, செல்வாக்கான பகுதி. மாமா கொஞ்சமும் பதறாமல், "வீடு கதைப்பம், நகை கதைப்பம். கிணத்தடித் தோட்டம் மட்டும் கதைக்குள்ள இல்லை" என்றார். பெரியப்பா குரலை உயர்த்தினார். மாமா திரும்பவும் அதையே சொன்னார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் வடை பொரிகிற வாசம் வந்தது. தட்டு வரவில்லை, வாசம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா வடைக்கு உயிரை விடுகிற மனுசன். கொஞ்ச நேரத்தில், சரி, கிணற்றை விடுவோம், மிச்சத்தைப் பேசுவோம் என்றுவிட்டார். வடை பொரித்தது சறோ என்று கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

எழுபத்தேழுக்குப் பிறகு கதவு திறந்தது. பம்பாய் வெங்காயம் வந்து இறங்கியது. எங்கள் சின்ன வெங்காயம் முற்றத்தில் கிடந்து முளைத்தது. பக்கத்து நாடு எங்களோடு கோபித்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. அது பெரியது, அதனிடம் நிறைய வெங்காயம் இருந்தது. தோட்டத்தை ஈடு வைத்தவர்களும் சீதனமாகக் கொடுத்தவர்களும் தவித்தார்கள். மாமாவிடம் கிணறு இருந்தது, அவர் புகையிலைக்கு மாறிக்கொண்டார். பிற்காலத்தில் எங்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் புகையிலைக் காசுதான்.

4

கூட்டத்தின் முதல்நாள் மேசையின் ஒரு பக்கம் நிரம்ப அமெரிக்கர். மறுபக்கம் கனடாக்காரர் இடைவெளி விட்டு இருந்தார்கள், ஆள் அவ்வளவுதான். அமெரிக்கருக்குத் தலைவர் நெட்டையாக, சிவப்பு ரை கட்டிய ஒருவர். கனடாவுக்கு ஒரு அம்மா. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டி, காதுக்கு மேல் ஒரு பென்சில் செருகியிருந்தார்.

காலைக் கோப்பியும் மஃபினும் வைத்தேன். சிவப்பு ரைக்காரரின் ஆட்கள் பாய்ந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வந்த பகுதி கை நனைத்துவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் கனடா அம்மா வெறும் தண்ணீர் மட்டும் குடித்தார். பெண் வீட்டுக்காரர் அப்படித்தான் நிதானமாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் மெச்சினேன். மத்தியானம் பார்த்தால் மஃபின் சாப்பிட்ட வாயே பெரிதாகக் கத்துகிறது. சாப்பிட்டுவிட்டு இப்படியும் பேசுவார்களா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரண்டாம்நாள் கடைசி நாள். பின்னேரம் அவர்களுக்கு விமானம். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. மேல்மாடியில் ஒரு கலியாண அலங்காரம் என்று மனுவல் போய்விட்டார். நானும் ஒரு தள்ளுவண்டியும், அதற்குள் சூடாக மூடிவைத்த தட்டுகளுமாக அறைக் கதவடிக்குப் போனோம். சாப்பாடு என்ன என்று கேட்கிறீர்களா? கோழிதான். ஒன்ராறியோக் கோழி.

கதவைத் தள்ளப் போனேன். உள்ளே யாரோ மேசையில் அடித்தார்கள். கதிரை இழுபட்டது. இப்படியானால் நாங்கள் இப்போதே விமான நிலையத்துக்குப் போகலாம் என்று ஒரு குரல். என் கை நின்றுவிட்டது. கதை முறிகிற நேரம். இந்த நேரத்தில் தட்டைக் கொண்டுபோய் வைத்து, அவர்கள் எழும்பிப் போய்விட்டால்? வாழ்நாள் முழுவதும் ஒட்டி இருக்கவேண்டிய இரண்டு வீடுகள். கொஞ்சம் பொறுப்போம் என்று நின்றேன்.

கொஞ்சம் என்றது நீண்டுபோனது. மூடிக்குக் கீழே கோழி வாசம் கசிந்து, கதவிடுக்கால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒருபக்கம் மாமா வீட்டு வடை, மறுபக்கம் நிரந்தர வேலை. போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் கதவு திறந்தது. சிவப்பு ரைக்காரர். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது எவ்வளவு நேரமாக இங்கே நிற்கிறது என்று கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் அவசரத்துக்கு வராது. பதற்றத்தில் இருக்கிற ஆங்கிலமும் ஓடிப்போகும். "சேர், ஃபர்ஸ்ற் ஃபினிஷ். தென் ஈற். மை பிளேஸ், லைக் தற்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய், பேச்சு முடிந்தால்தான் கோழி தருவாராம் என்று எல்லோருக்கும் சொன்னார். அறை முழுவதும் சிரித்தது. மேசையில் அடித்தவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது எங்கள் கனடா அம்மாவின் குரல் கேட்டது. சத்தமாகப் பேசவில்லை. மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கே பேசி முடிக்கலாம், பாலும் முட்டையும் கோழியும் இந்தப் பேச்சுக்குள் இல்லை, நேற்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன் என்றார். சிவப்பு ரைக்காரர் பெருமூச்சு விட்டு, சரி, அதை ஒரு பக்கம் வைப்போம், மிச்சத்தை எடுங்கள் என்றார்.

எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. கிணறு தப்பியது. கொஞ்ச நேரத்தில் அம்மாவே வாசலுக்கு வந்து, இப்போது கொண்டுவரலாம் என்று சொன்னார். கோழி தோல்செருப்பு மாதிரி ஆகியிருந்தது. எல்லோரும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார்கள்.

5

மனுவலுக்குச் சேதி எட்டாமல் இருக்குமா? அன்று பின்னேரமே பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. இப்போது ஒன்றும் பேசமாட்டேன், நாளைக்குக் காலையில் வா என்றார். அப்பாவின் பெயரை அவ்வளவு கடுமையாக அவர் சொன்னதில்லை.

வீட்டில் வந்து சறோவிடம் சொன்னேன். தையல் வகுப்புப் போனது என்றும் சொன்னேன். அவளோ வடை என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கத் தொடங்கியவள்தான், கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போனால் போகட்டுமப்பா. தையலை நான் பிறகு ஆறுதலாப் படிக்கிறன்" என்றாள். துளசியும் சிரித்துவிட்டு, பெரிய மனுசி மாதிரி, அவர்கள் அதை ஒதுக்கிவைப்பது என்று முதலிலேயே தீர்மானித்திருப்பார்கள் அப்பா, இப்படிப் பேச்சுகளில் அது நடக்கிறதுதான் என்றாள். இருக்கலாம். என் கோழியால்தான் எல்லாம் நடந்தது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. சொன்னவள் அவள்.

மறுநாள் மனுவல் தன் சின்ன அறையில் என்னை இருத்தி, ஏன் என்று ஒரு சொல்லில் கேட்டார். நான் பெரியப்பாவில் தொடங்கி, கிணறு, வடை, கை நனைப்பது என்று எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். முடிந்ததும் அவர், உன் பெரியப்பாவுக்குக் கடைசியில் அந்த வடை கிடைத்ததா என்று கேட்டார். ஒரு தட்டு முழுக்கத் தனியாகச் சாப்பிட்டார் என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார். அந்த அம்மா போகும்போது நல்ல உபசாரம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த மாதம் முதல் நான் நிரந்தரம். ஆனால் இந்த ஹோட்டலில் பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைதான், உலகம் முறிந்தாலும் சரி என்றார்.

பிறகு எழும்பிப் போய் வேலைக்காரர் சாப்பாட்டில் ஒரு தட்டுப் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் வழக்கம்போல வேண்டாம் என்றேன். மனுவல் தட்டையும் என்னையும் பார்த்தார்.

"இத்தனை வருடமாகிறது. எங்களோடு நீ இன்னும் பேசி முடிக்கவில்லையா?" என்று கேட்டார்.

எந்த நாளும் புட்டுப் பார்சலோடு உடுப்பு மாற்றும் அறையில் இருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. திரும்பிப் போகலாம் என்று ஓர் எண்ணம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. வந்த வீட்டில் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. எங்களுக்குக் குடியுரிமைச் சத்தியம் செய்ய அழைப்பு வந்திருந்தது. "வாற புதன்கிழமை முடியும்" என்று அவருக்குச் சொன்னேன்.

6

புதன்கிழமை சறோ கூறைச் சேலை கட்டினாள். நான் ஹோட்டல் ரையை விட்டு வேறு ரை கட்டினேன். மண்டபத்தில் உலகத்தில் உள்ள எல்லா முகமும் இருந்தது. ஒரு ஓரத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் கோப்பியும் பெரிய கேக்கும். கேக்கின்மேல் சிவப்பில் இலை. பசியோடு வந்த துளசி நேரே அங்கே போனாள்.

"நில்லு பிள்ளை. இன்னும் பேசி முடியேல்லை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். இருந்தவள் சும்மா இருந்தாளா? குனிந்து என் காதுக்குள், "சரி, நீங்கள்தான் இப்ப சின்ன நாடு. கனடா பெரிய நாடு. உங்கட கிணறு எது அப்பா? வட் ஆர் யூ நொட் கிவிங்?" என்று கேட்டாள்.

யோசித்தேன். மகாராணிக்கு விசுவாசம் என்றார்கள், சரி. பனியைக் கொடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். என் பெயரையே கொடுத்துவிட்டு அப்பாவின் பெயரோடு இருக்கிறேன். மகளில் பாதியும் அந்தப் பக்கம் போய்விட்டது, போன பாதியும் சந்தோசமாகத்தான் இருக்கிறது. எதைப் பேச்சுக்குள் கொண்டுவராமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அதற்குள் எழும்பி நிற்கச் சொன்னார்கள். வலது கையைத் தூக்கினோம். நீதவான் சொல்லச் சொல்ல நாங்களும் சொன்னோம். தேசிய கீதம் பாடும்போது துளசியின் குரல்தான் எங்கள் வரிசையில் பெரிதாகக் கேட்டது. எனக்கு மகிழ்ச்சியில் நெஞ்சு விம்மியது. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

முடிந்ததும் நான்தான் முதல் ஆளாகக் கேக் மேசைக்குப் போனேன். ஒரு பெண்மணி துண்டை வெட்டி, கடதாசித் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டி ஒன்றும் தந்தார். நன்றி சொல்லி வாங்கினேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, கேக்கைக் கையால் பிட்டு வாயில் போட்டேன். விரலெல்லாம் கிறீம். சறோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இது கதைக்குள்ள இல்லை" என்றேன் துளசியிடம்.

பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியும் தாய் தகப்பனோடு நின்றாள். துளசி அவளைப் பார்த்தாள், என் விரல்களைப் பார்த்தாள். பிறகு தன் கரண்டியை என் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையால் சாப்பிடத் தொடங்கினாள்.